தேர்தல் ஒழுங்காக நடந்தும் வீதி ஏன் ஆறு மாதத்தில் வெடிக்கிறது?

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன். "சேர், புதிதாக ஜனநாயகத்துக்கு வந்த நாடுகளுக்கு மூன்று மருந்து சொல்லித் தருகிறார்கள். சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு, கண்காணிப்பாளர்கள், ஊழலுக்கென்று தனி ஆணைக்குழு. நமக்கு மூன்றும் இருக்கிறது. பிறகு ஏன் எங்கள் ஊரில் போட்ட கொங்கிரீட் வீதி ஆறு மாதத்தில் வெடிக்கிறது? இந்தியாவைப் போல வாக்கு இயந்திரம் வந்தால் சரியாகுமா?"

நான் ஓய்வுபெற்ற வாத்தியார். 2004இலிருந்து ஏழெட்டுத் தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமை பார்த்திருக்கிறேன், கடைசிச் சிலவற்றில் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராக. கண்டதையும் படித்ததையும் கலந்துதான் சொல்லப்போகிறேன். இயந்திரம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், காரணம் பிறகு வரும்.

முதலில் அந்த "இளம் ஜனநாயகம்" என்ற சொல். கொழும்பில் இருந்து பார்த்தால் நாம் கிழட்டு ஜனநாயகம். 1931இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நின்று பாருங்கள். 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களுக்கு அவர்களுடைய ஊருக்குள் வாக்களிப்பு நிலையம் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் கொத்தணி வாக்களிப்பு நிலையம் என்று மொத்தமாக அமைத்திருந்தார்கள். சனம் சோதனைச் சாவடி தாண்டிக் கட்டைக்கணக்கில் வந்து வாக்குப் போட்டது. உள்ளூராட்சித் தேர்தலை எடுத்தால், மட்டக்களப்பில் 1994க்குப் பிறகு அடுத்தது 2008 மார்ச்சில். 1995இல் பதினெட்டு வயதானவர் தன் பிரதேச சபைக்கு முதன்முதலாகப் புள்ளடி போடும்போது முப்பது தாண்டிவிட்டது, அதுவும் ஆயுதம் முழுதாகக் கீழே வைக்கப்படாத காலத்தில். பிறகு வந்ததும் ஒழுங்காகவா வந்தது? கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு மாகாணத் தேர்தல் என்ற ஒன்றையே நாம் காணவில்லை. எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்தது, புதிய முறையும் இல்லை பழைய முறையும் இல்லை என்று அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9 என்று திகதி குறித்து, திறைசேரி காசு விடவில்லை என்று தள்ளிப்போய், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2025 மே 6இல்தான் நடந்தது. ஆக நமது பக்கத்துச் சனநாயகத்துக்கு வயது இருபது இருக்குமா? அதற்குள்ளும் பாதிக் காலம் காய்ச்சலில் கிடந்தது. தேர்தலில் கள்ளம் செய்வதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், தேர்தலையே வைக்காமல் விடுவதைப் பற்றி ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கள்ளமாகத் தெரிகிறது. சபை இல்லாத காலத்தில் செயலாளரும் ஆணையாளரும்தான் சபை, கேள்வி கேட்க ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூட இருக்கமாட்டார்.

சரி, தேர்தல் நாளுக்கு வருவோம். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், அந்த ஒரு நாள் இப்போது ஓரளவு சுத்தம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தல் இன்றைக்கும் பகற்கொள்ளைக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. நம்மூர்களிலும் ஒரு காலத்தில் "நான் மட்டும் இருபது போட்டன்" என்று தேநீர்க் கடையில் பெருமையடித்தவர்களை எனக்குத் தெரியும், செத்தவர்களும் மத்திய கிழக்குக்குப் போனவர்களும் வரிசையில் வந்து வாக்களித்த காலம் அது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அடையாள அட்டை கட்டாயமாகி, அந்தக் கள்ள வாக்கு பெரும்பாலும் அடங்கியது. காலை ஏழு மணிக்கு முன் வெற்றுப் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டவேண்டும், அவர்கள் கண்ணுக்கு முன்னால்தான் மூடி முத்திரை வைப்போம், விரும்பினால் அவர்களும் தங்கள் முத்திரையை ஒட்டலாம். மாலையில் பெட்டி ஏறும் வாகனத்துக்குப் பின்னால் முகவர்கள் தங்கள் வாகனத்தில் இந்துக் கல்லூரி எண்ணும் நிலையம்வரை வருவார்கள். நித்திரையும் இல்லை, சாப்பாடும் ஒழுங்கில்லை, ஆனால் பெட்டி மாறாது. கைத்தொலைபேசியை உள்ளே விடாமல் நாங்கள் கடுமையாக நின்றதற்கும் காரணம் இருக்கிறது. வாக்குச்சீட்டைப் படம் எடுத்துக் கொண்டுவா, காசு தருகிறேன் என்று வெளியே ஒருவன் நிற்பான்.

அந்தக் காசுக்காரன்தான் உங்கள் கேள்வியின் பாதிப் பதில்.

ஒரு தேர்தல், ஆண்டு வேண்டாம், ஊரும் வேண்டாம். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் வகுப்பறை, சுவரில் அணில், ஆடு, இலை, ஈட்டி. பத்து மணியளவில் ஒரு வயதான அம்மா வந்தார். அட்டையைப் பார்த்து, இடாப்பில் பெயரைக் கோடு போட்டு, விரலில் மை வைத்துச் சீட்டையும் கையில் கொடுத்தாயிற்று. அவர் மறைப்புக்குள் போகாமல் என் மேசைக்கு நேரே வந்து சத்தமாகக் கேட்டார்: "தம்பி, அம்மன் கோயில்ல கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ண வெச்சிப்போட்டானுகள். அஞ்சாயிரம் தந்தவன். இப்ப மாத்திப் போட்டா எனக்குக் கண் தெரியாமப் போகுமா?"

முகவர்கள் சிரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் சிரிக்கவில்லை, எந்தக் கட்சி என்று ஊகித்துக்கொள்ளுங்கள். நான் யாருக்குப் போடு என்றும் சொல்லக்கூடாது, போடாதே என்றும் சொல்லக்கூடாது. "அம்மா, அந்த மறைப்புக்குள்ள நீங்க போடுறது எனக்கும் தெரியா, இவங்களுக்கும் தெரியா, காசு தந்தவனுக்கும் தெரியா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மனுக்குத் தெரியுமே மகன்." அவ்வளவுதான், உள்ளே போனார். நெடுநேரம் நின்றார். வந்து மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, நம்புங்கள். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் முறையற்ற செல்வாக்கு என்ற குற்றத்துக்குள், அடித்துவிடுவேன் என்று மிரட்டுவது மட்டுமில்லை, ஆன்மிகக் கேடு வரும் என்று பயமுறுத்துவதும் அடங்கும். சாப்பாடு, சாராயம் கொடுத்து வாக்குக் கேட்பதும் குற்றம். கொடுத்தவனும் குற்றவாளி, வாங்கினவரும் குற்றவாளி. அந்தக் கடைசி வரியால்தான் ஒரு முறைப்பாடும் வருவதில்லை. அந்த அம்மா பொலிசுக்குப் போய் என்ன சொல்வார், அஞ்சாயிரம் வாங்கினேன் என்றா?

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் முந்நூறு பேருக்கு அஞ்சாயிரம் என்று சும்மா வைத்துக்கொண்டால் பதினைந்து இலட்சம். கோயில் மண்டபத்துக்கு சீமெந்து, விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி, மரண உதவிச் சங்கத்துக்கு நூறு கதிரை, இவை தனி. பிரதேச சபை உறுப்பினருக்கு மாதம் கிடைக்கும் கொடுப்பனவு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவும் காணாது. பாராளுமன்றத் தேர்தல் என்றால் இன்னும் மோசம், அங்கே விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குப் போட்டுவிட்டு அதற்குள் யார் வேண்டும் என்று வேட்பாளரின் இலக்கத்துக்கும் புள்ளடி போடும் முறை. மட்டக்களப்புக்கு ஐந்து ஆசனம், ஒரு கட்சி எட்டுப் பேரை நிறுத்தும். அந்த எட்டுப் பேரும் கதிரவெளியிலிருந்து துறைநீலாவணை வரை முழு மாவட்டத்திலும் தங்கள் இலக்கத்தை மனப்பாடமாக்கவேண்டும், அதுவும் சொந்தக் கட்சிக்காரனையே வெட்டிக்கொண்டு. அம்பாறை மாவட்டமான திகாமடுல்லவில் ஏழு ஆசனத்துக்குப் பத்துப் பேர். 1989 பொதுத் தேர்தலில் இந்த முறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து தேர்தல் செலவு எங்கேயோ போய்விட்டது என்பது என் கருத்து, சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் செலவுக்கு ஒரு வரம்பு போட்டது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வைத்தார்கள், முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்கவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கணக்கில் துண்டுப்பிரசுரமும் மேடைச் செலவும் வரும், கோயில் சீமெந்து எந்தக் கணக்கில் வரும்?

அந்தப் பதினைந்து இலட்சம் யார் காசு? சொந்தக் காணியை விற்றுப் போட்டவர்களும் உண்டு, பாவம். மற்றப்படி ஆற்று மண் அகழ்கிறவர், கிறவல் ஏற்றுகிறவர், மதுபானசாலை அனுமதிக்குக் காத்திருக்கிறவர், கொந்தராத்துக்காரர். அவர்கள் தருமம் செய்யவில்லை, முதல் போடுகிறார்கள். போட்ட முதல் எப்படித் திரும்பும் என்பதற்கு உங்கள் வீதியே சாட்சி. சிறிய வேலைகளை வெளிக் கேள்விப்பத்திரம் இல்லாமல் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளுக்குக் கொடுக்க வழி இருக்கிறது. நோக்கம் அருமையானது, கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். நடப்பது வேறு. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில், வேலை வெளி கொந்தராத்துக்காரருக்கு, சங்கத்துக்கு ஒரு சின்ன வீதம், மேலே ஒரு வீதம், அளந்து கையெழுத்துப் போடுகிறவருக்குச் "சந்தோசம்". இந்த வீதமெல்லாம் எதற்குள் இருந்து வரும்? சீமெந்துக்குள் இருந்து. ஐந்தங்குலம் போடவேண்டிய இடத்தில் மூன்றரை. முதல் மாரிக்கு ஓரம் உடையும், இரண்டாம் மாரிக்கு நடு வெடிக்கும். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகும் வீதியும் அப்படித்தான் கிடக்கிறது.

ஒருவரும் கவனிக்காத இன்னொரு இடம் இருக்கிறது, தேர்தல் முடிந்த பிறகு வருவது. வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையில் பல சபைகளில் ஒரு கட்சிக்கும் பாதிக்கு மேல் கிடைப்பதில்லை. அப்போது முதல் அமர்வை உள்ளூராட்சி ஆணையாளர் நடத்துவார், தவிசாளரைத் தெரிவு செய்வது பகிரங்க வாக்கெடுப்பிலா இரகசிய வாக்கெடுப்பிலா என்று முதலில் சபையிடம் கேட்பார். 2018இலும் 2025இலும் எத்தனையோ சபைகளில் இந்தச் சின்னக் கேள்விதான் முழு ஆட்டத்தையும் தீர்மானித்தது. இரகசியம் என்று வந்தால், மாலை போட்டு அனுப்பிய உங்கள் வட்டார உறுப்பினர் யாருக்குப் போட்டார் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது, அதற்கு முந்தின இரவு அவரை எந்த விடுதியில் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். வாக்காளனுக்கு இரகசியம் வேண்டும், அது அந்த அம்மாவைக் காப்பாற்றும். உறுப்பினருக்கு எதற்கு இரகசியம்? சட்டத்தில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் நான் இதைத்தான் மாற்றுவேன்.

அப்புறம் நமது பக்கத்துக்கே உரிய நோய் ஒன்று. இதை எழுதினால் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் என்னோடு கோபிப்பார்கள், பரவாயில்லை. கல்முனைப் பக்கம் போனாலும் சரி, வாழைச்சேனைப் பக்கம் போனாலும் சரி, தேர்தல் வந்ததும் கேள்வி ஒன்றுதான், நம்மட ஆள் வரவேணுமா, அவங்கட ஆள் வரவேணுமா? நம்மட ஆள் கள்ளன் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே போடுவோம், ஏனென்றால் ஆசனம் கைமாறிவிடும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. மயிலத்தமடு மேய்ச்சல்தரையில் மாட்டுக்காரர் படும் பாடு பொய்யில்லை, கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை பொய்யில்லை, முஸ்லிம் ஆட்களின் காணிக் கவலையும் பொய்யில்லை. ஆனால் கள்ளனுக்கு இதைவிட நல்ல குடை எங்கே கிடைக்கும்? வீதிக் கணக்கைக் கேட்டால் "இது நம்மட சமூகத்தைப் பிரிக்கிற சதி" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் கொந்தராத்து விஷயத்தில் மட்டும் இன பேதம் கிடையாது. மேடையில் பாம்பும் கீரியுமாக நின்ற இரண்டு பேருடைய மண் லொறியும் ஒரே யார்டில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

சரி, மூன்று மருந்துக்கும் இயந்திரத்துக்கும் வருகிறேன். இயந்திரம் ஏன் வேண்டாம் என்றால், நமது கடதாசிச் சீட்டை எட்டாம் வகுப்புப் படித்த முகவரும் தன் கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். இயந்திரத்துக்குள் நடப்பதை அவருக்கு யாரோ விளங்கப்படுத்தவேண்டும், அந்த யாரோவை அவர் நம்பவேண்டும். நம்மிடம் கெட்டுப்போகாத பாகம் அது ஒன்றுதான், அதை ஏன் கழற்றவேண்டும்? கற்கவேண்டும் என்றால் இந்தோனேசியாவைப் பாருங்கள். சர்வாதிகாரி சுகார்ட்டோ 1998இல் போனார், 1999இல் அங்கே சுதந்திரமான தேர்தல், நம்மைப் போலவே தீவு, மதம், இனம் எல்லாம் கலந்த நாடு. அங்கே வாக்களிப்பு நிலையத்திலேயே சனத்துக்கு முன்னால் சீட்டை விரித்துக் காட்டி எண்ணுவார்கள். 2014 ஜனாதிபதித் தேர்தலில் ஒவ்வொரு நிலையத்தின் முடிவுப் படிவத்தையும் ஆணைக்குழு இணையத்தில் போட்டது, தொண்டர்கள் வீட்டிலிருந்தபடி அதைக் கூட்டிச் சரிபார்த்தார்கள், தோற்றவர் கிளப்பிய புரளி எடுபடவில்லை. செலவில்லாத மருந்து.

அவர்களுடைய ஊழல் ஒழிப்பு ஆணைக்குழுவின் கதையும் கேட்கத்தக்கது. 2003இல் வேலை தொடங்கியது. தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் தானே வழக்குத் தொடுக்கவும் அதிகாரம். அமைச்சர்களைப் பிடித்தது. 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரையே, உள்ளூர்த் தேர்தல் வழக்குகளில் காசு வாங்கினார் என்று பிடித்து, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும்? 2019இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதன் பல்லைப் பிடுங்கியது. மாணவர்கள் வீதிக்கு இறங்கியும் பலனில்லை.

நமக்கு இலஞ்சச் சட்டம் 1954இல் வந்தது, ஆணைக்குழு 1994இல் வந்தது. இடையில் ஒரு காலம், மூன்று ஆணையாளர்களின் ஒப்புதல் எழுத்தில் இல்லை என்ற ஓட்டையைக் காட்டிப் பெரிய ஆட்களின் வழக்குகள் வரிசையாக மீளப்பெறப்பட்டன. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. சொத்து விபரத்தை ஆண்டுதோறும் கொடுக்கவேண்டும், பிரதேச சபை உறுப்பினர்களும் அதற்குள் வருவார்கள், முறைப்பாடு சொல்கிறவருக்குப் பாதுகாப்பும் எழுதியிருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1954, ஞாபகம் வைக்க இலேசு. ஆனால் தம்பி, கொழும்பில் இருக்கும் ஆணைக்குழு உங்கள் ஊர் முந்நூறு மீற்றர் வீதிக்கு வந்து நாடா பிடிக்காது. அதன் வரிசையில் உங்கள் வீதி எங்கே நிற்கும்?

அதற்கு நம்மிடம் உள்ளது தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் சாதாரண தரம் எழுதிவிட்டுச் சும்மா இருந்த பெடியன்கள் நாலு பேர் செய்த வேலையைச் சொல்கிறேன். வீதி ஒன்றின் மதிப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பதினான்கு வேலை நாள் போயிற்று, பதிலில்லை. குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டார்கள், அதற்கும் பதினான்கு நாள்தான் அவகாசம், பிந்தினால் போச்சு. மறுகா பட்டியல் வந்தது. கொங்கிரீட் தடிப்பு ஐந்தங்குலம் என்று அதில் எழுதியிருந்தது. வீதி ஓரத்தை மண்வெட்டியால் கொஞ்சம் கிளறி, கணிதப் பெட்டிக்குள் இருந்த அடிமட்டத்தை நிறுத்திப் படம் எடுத்தார்கள், இருபது இடத்தில். ஓரிடத்திலும் நாலு தாண்டவில்லை. படத்தையும் பட்டியலையும் இணைத்து சபைக்கும் கணக்காய்வுக்கும் கடிதம் போட்டார்கள்.

பெரிய வெற்றி என்று நினைக்காதீர்கள். கடிதம் போட்ட பெடியனின் தகப்பனைக் கடைத்தெருவில் ஒருவர் மறித்து "மகன் வெளிநாடு போக இருக்கானாம் என்ன" என்று கேட்டார். அதன் பொருள் தகப்பனுக்கு விளங்கியது. வீட்டில் சண்டை. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை, ஒருவரும் பதவி இழக்கவில்லை. கடைசி நாற்பது மீற்றரை மட்டும் கிண்டித் திரும்பப் போட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பக்கத்து வீதிக்கு வேலை வந்தபோது, தொகை, ஒப்பந்தகாரர், தடிப்பு எல்லாம் எழுதிய பலகை வேலை தொடங்கும் முன்னமே நட்டிருந்தது. கொங்கிரீட் கொட்டிய அன்று வாங்கில் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் பொம்பிளையள், மாதர் சங்கத்து ஆட்கள். மேசன் ஒருவர் என்னிடம் முறைப்பட்டார், "சேர், இவையள் தண்ணி கூடிப்போச்செண்டும் சொல்லுறாளுகள்" என்று.

உங்கள் வீதிக்கு எழுதுவதென்றால் வீதியின் பெயர், எந்தக் கிராம சேவகர் பிரிவு, வேலை முடிந்த மாதம் மூன்றையும் தவறாமல் போடுங்கள். இல்லாவிட்டால் "எந்த வீதி" என்று கேட்டே அந்தப் பதினான்கு நாளையும் ஓட்டிவிடுவார்கள். கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்கவேண்டாம். ஒருவரின் பெயரில் மட்டும் போடாமல் நாலு பேரின் பெயரில் நாலு விண்ணப்பமாகப் போடுங்கள், கடைத்தெருவில் நாலு தகப்பனையும் மறிப்பது அவர்களுக்கும் வில்லங்கம்.